பிறந்தநாள் முயல்

முயலுக்குத் தண்ணீர் வைக்கக் கூடாது, வைத்தால் செத்துப்போகும் என்று முதலில் கிளப்பிவிட்ட ஆள் யாரென்று எனக்குத் தெரிய வேண்டும். சித்திரை மாதத்து மத்தியானத்தில் அந்த ஆளை மொட்டை மாடியில் தகரத்துக்கு அடியில் உட்கார வைத்து, இரண்டு துண்டு கேரட்டை மட்டும் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட வேண்டும். புதுச்சேரியில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள். நான் வேலை பார்க்கும் லாஸ்பேட்டைக் கல்லூரி நூலகத்தில், விலங்கியல் பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு மாணவி இதைச் சொன்னாள்.

என் கணவரின் தங்கை ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறாள். அவளுடைய பெண் குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தபோது ஒரு போட்டோ ஸ்டூடியோவில் படம் எடுத்தார்கள். மண்டப வாசலில் வைத்திருந்த ஃப்ளெக்ஸில் அந்தப் படம்தான் பெரிதாக இருந்தது. பூக்கூடைக்குப் பக்கத்தில் குழந்தை, கூடைக்குள் ஒரு வெள்ளை முயல் குட்டி. குழந்தையின் கவுனுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று முயலின் காது இரண்டிலும் ரோஸ் கலர் பூசியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். குழந்தை முயலை விடாமல் பிடித்துக்கொண்டு அழுததால் அதேபோல் ஒன்றைக் கடையில் வாங்கி, காதில் அதே கலரும் பூசிக் கொடுத்துவிட்டதாக என் நாத்தனார் பெருமையாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த முயலைப் பற்றி நான் ஒன்றும் கேள்விப்படவில்லை.

அந்தக் கோடையில் ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் காய்ந்த துணியை எடுத்துத் தரச் சொன்னாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தகரச் சாய்ப்புக்குக் கீழே, லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் கம்பிக் கூண்டு ஒன்று இருந்தது. அதற்குள் அழுக்கு நிறத்தில் எதையோ துணிபோல் சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் போனதும் அது மூச்சு விட்டது.

கூண்டின் தரையும் கம்பிதான். அந்தக் கம்பியின் மேல் நின்று நின்று பின்னங்கால்களின் அடியில் முடியெல்லாம் உதிர்ந்து, தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. நகங்கள் வளர்ந்து வளைந்து கம்பியைக் கொக்கிபோலப் பிடித்திருந்தன. மூலையில் சுருங்கிப்போன கேரட் தோல். அவ்வளவுதான். காதில் அந்த ரோஸ் கலர் இன்னும் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது.

துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

"ஏம்மா, மேல இருக்கிறது அந்தப் பொறந்தநாளு முயலா?"

"ஆமா அண்ணி. வீட்ல வச்சா ஒரே நாத்தம். பாப்பாவுக்கு வேற இருமலு. அதான் மேல கொண்டு போய் வச்சிட்டோம்."

"தண்ணியே வைக்கல. இந்த வெயில்ல!"

"ஐயோ, தண்ணி வைக்கக் கூடாது அண்ணி. கடக்காரன் சொல்லித்தான் குடுத்தான். குடிச்சா செத்துடும்."

எனக்கு அவளிடம் வாதாடப் பொறுமையில்லை. ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு மாடிக்குப் போனேன். கூண்டைத் திறந்து உள்ளே வைத்தேன். கொஞ்ச நேரம் அது அசையவேயில்லை. பிறகு மூக்கைக் கொண்டுபோய் வைத்தது. வைத்ததுதான், நிமிரவே இல்லை. கிண்ணம் காலியாகும் வரை குடித்தது. நான் மறுபடியும் ஊற்றினேன். மறுபடியும் குடித்தது. என் பின்னால் மேலே ஏறி வந்திருந்த நாத்தனார் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாருங்க, எப்படிக் குடிக்குது. நமக்கு என்ன அண்ணி தெரியும், அவன் சொன்னான், செஞ்சோம்" என்றாள். பிறகு, "உங்களுக்கு வேணும்னா எடுத்துட்டுப் போங்க. எனக்கும் ஒரு வேல மிச்சம்" என்றாள்.

இந்த வார்த்தையை அவள் சொன்னாள் என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் பின்னால் தெரியும்.

என் கணவர் ஏ.சி. சர்வீஸ் செய்கிறவர். பேச்சு குறைவு. அன்று சாயந்திரம் என்னை அழைத்துப் போக வந்தவர், என் மடியில் அட்டைப் பெட்டியைப் பார்த்தார், பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினார்.

எங்கள் நூலகத்தில் ஒருத்தி சொல்லித்தான் லாஸ்பேட்டையில் அடிபட்ட பிராணிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பற்றித் தெரிந்தது. முப்பது வயசு தாண்டியிருக்கும். பகலில் ஆபீஸ் வேலை, மற்ற நேரமெல்லாம் இதுதான். முயலோடு அவள் வீட்டுக்குப் போனோம்; வாசலிலேயே மூன்று கால் நாய் ஒன்று குரைத்து வரவேற்றது. அவள் முயலை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்து, வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள், காலைத் திருப்பிப் பார்த்தாள்.

"பொட்டக் குட்டி அக்கா. இன்னும் அஞ்சு மாசம்கூட ஆகியிருக்காது. அப்ப, வாங்கும்போது எவ்ளோ சின்னதா இருந்திருக்கும் பாருங்க. பால் குடி மறக்கிறதுக்கு முந்தியே பிரிச்சிக் கொண்டாந்து வித்துடறானுங்க. சின்னதா இருந்தாத்தான் போட்டோவுல அழகா இருக்குமாம்."

புண் ஆறும்வரை அவளிடமே விட்டுவிட்டு வந்தோம். நான் தினமும் வேலை முடிந்து அங்கே போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவது வழக்கமாயிற்று. கால் தேறி, நகம் வெட்டி, அது வெள்ளை முயல்தான் என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகு ஒரு நாள், "நானே வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா?" என்று கேட்டேன். உடனே தூக்கிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"வீட்ல எந்த எடத்துல வைப்பீங்க? கூண்டுலன்னா குடுக்க மாட்டேன். ஒயரெல்லாம் எப்படி இருக்குது, அது கடிக்கும். ஊருக்குப் போனா யாரு பாத்துக்குவா? ஆபரேஷன் பண்ணணும், பண்ணுவீங்களா? பத்து வருஷம் உசுரோட இருக்கும் அக்கா. பத்து வருஷம் கழிச்சி உங்க ஒடம்பு எப்படி இருக்கும், யோசிச்சீங்களா? சாருக்குச் சம்மதமா? அவரே வந்து சொல்லட்டும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இத மாடியிலேருந்து தூக்கிட்டு வந்ததே நான்தான். என்னையே இவ்ளோ கேள்வி கேக்கறியே?" என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "கோவப்படுங்க அக்கா, பரவால்ல. நம்பிக் குடுத்த ரெண்டு முயலு எனக்குப் போச்சு. ஒண்ண நாய் கடிச்சிடுச்சு. இன்னொண்ணு கொழம்பாயிடுச்சு. வாங்கிட்டுப் போறப்ப அவங்களும் உங்கள மாதிரிதான் நல்லாப் பேசினாங்க."

வழியெல்லாம் பொருமிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "சரியாத்தான கேட்டிருக்குது அந்தப் பொண்ணு" என்றார். மறுநாளே லாஸ்பேட்டைக்குப் போய் தன் வாயால் சம்மதம் சொன்னார். அந்த வாரக் கடைசியில் எங்கள் மூலக்குளத்து வீட்டின் சின்ன அறையில் தரையோடு போகும் எல்லா ஒயரையும் பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டு மூடினார். அந்தப் பெண் வந்து அறையைச் சுற்றிப் பார்த்து, கட்டிலுக்கு அடியில்கூடத் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் முயலைக் கொடுத்தாள்.

முயல் வளர்ப்பது என்றால் என்ன என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. கேரட் என்பது அதற்கு நமக்கு ஜாங்கிரி மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு. சாப்பாடு என்றால் புல்தான். நாளெல்லாம் மென்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் வளர்ந்து வாயைக் குத்தும், குடல் நின்றுபோகும். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறவர்களிடம் அறுகம்புல்லைச் சொல்லி வைத்து வாங்கினேன். மாட்டுக்குப் புல் அறுத்து வரும் வில்லியனூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி வாடிக்கையாகக் கட்டுக் கொண்டுவந்து போட்டாள். தரைக்குச் சாக்கு விரித்தோம். ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி வைத்தோம். பாட்டிலில் தண்ணீரை ஐஸாக்கி, துணியில் சுற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அக்னி வெயிலில் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

தூக்கிக் கொஞ்சலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்கவில்லை. முயலுக்குத் தூக்கினாலே பிடிக்காது. பருந்து தூக்கிக்கொண்டு போவதாகத்தான் அதன் உடம்புக்குத் தோன்றும். உதறிக்கொண்டு குதித்தால் முதுகெலும்பே முறிந்துவிடும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, அது வருகிறதா என்று காத்திருந்தோம். வாரக்கணக்கில் அது பெட்டியைவிட்டு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் அதே அறையில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்ல வந்து அவருடைய கால் கட்டைவிரலை முகர்ந்து பார்த்து, தன் தாடையை அதன்மேல் ஒருதரம் தேய்த்தது. தனக்குச் சொந்தமானது என்று அடையாளம் வைக்கிறதாம். அவர் ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போயும் எழுந்திருக்கவில்லை.

இதிலெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். ஆத்திரமெல்லாம் மனிதர்களால் வந்தது. கர்ப்பப்பை ஆபரேஷன் செய்தபோது, "முயலுக்குக்கூடவா ஆபரேஷன்!" என்று நூலகத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் நேரே போய்க் காதைப் பிடித்துத் தூக்கப் பார்ப்பார்கள். "முயல் வச்சா அதிர்ஷ்டமாமே" என்று ஒருத்தி வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். எதிர் வீட்டில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வேலி ஓரம் நின்று, "மதாம், இத பிரெஞ்சுல லப்பேன்னு சொல்வோம். பாரீஸ்ல என் மகன் வீட்ல ஒயின் ஊத்திச் செய்வாங்க. எவ்ளோ வெயிட் இருக்கும் இப்ப?" என்று கேட்பார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று முதலில் சிரித்தேன். வாராவாரம் வெயிட் கேட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தருக்கு அது பொம்மை, ஒருத்தருக்கு அதிர்ஷ்டம், ஒருத்தருக்குக் கறி. அது முயலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தீபாவளியன்று தெருவில் சரவெடி வைத்தார்கள். நாங்கள் ஜன்னலெல்லாம் மூடி, போர்வை கட்டி வைத்தும், பயத்தில் அது சாப்பாட்டை நிறுத்திவிட்டது. வயிறு கல்லாகிவிட்டது. முயல் அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் ஆபத்து என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு தனியார் கிளினிக்குக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "முயலா? அதுக்குப் போயி ஏம்மா இவ்ளோ பதட்டப்படறீங்க, போச்சுன்னா வேற வாங்கிக்கலாமே" என்றார். போனை வைத்தேன். லாஸ்பேட்டைப் பெண்தான் தனக்குத் தெரிந்த டாக்டரம்மாவைப் பண்டிகை நாளில் பிடித்துக் கொடுத்தாள். ஊசி போட்டு, வயிற்றை நீவிவிட்டு, புல்லை அரைத்துச் சிரிஞ்சில் ஊட்டி, பொழுது சாய்வதற்குள் அது புழுக்கை போட்டது. புழுக்கையைப் பார்த்துக் கண்ணீர்விட்டவள் புதுச்சேரியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சத்தத்தினாலேயே ஒரு முயல் செத்துப்போக முடியும் என்று அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது.

தை மாதம் பிறந்ததும் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். குழந்தைக்கு இரண்டாவது பிறந்தநாள் வருகிறது, இந்த முறை காடு மாதிரி மேடை போடுகிறார்கள், அதற்கு எங்கள் முயல் வேண்டும் என்றாள்.

"ஒரு நாளைக்குத்தான் அண்ணி. ஸ்டூடியோக்காரன் கார் அனுப்புவான். போன வருஷ போட்டோவுலயும் வெள்ள முயல்தான இருந்துச்சு, இந்த வருஷமும் அதே மாதிரி இருந்தா ஆல்பத்துல நல்லா இருக்கும்."

"அதெல்லாம் முடியாதும்மா. தீபாவளிக்கே அது பொழச்சதே பெரிசு. ஸ்பீக்கர் முன்னாடி வச்சா செத்துடும்."

"ஒரு மணி நேரத்துல என்னா ஆயிடும்? அது எங்க முயல்தான அண்ணி? நாங்கதான வாங்கினோம்?"

"எடுத்துட்டுப் போ, ஒரு வேல மிச்சம்னு நீதான சொன்ன?"

அவள் எழுந்துகொண்டாள். புடவையைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "புள்ள இல்லாத வீட்ல முயலக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க. உங்களுக்கு எங்க புள்ளையோட ஆச எப்படிப் புரியும்?"

எங்களுக்குக் குழந்தை இல்லை. அது எனக்குப் புதிய செய்தியும் இல்லை, அதைச் சொல்லி என்னைக் குத்திய முதல் ஆளும் அவள் இல்லை. எனக்கு வலித்ததைவிட எரிந்தது. முயலைக் குழந்தையாக நினைத்து நான் ஒரு நாளும் கொஞ்சவில்லை. தொட்டிலில் போடவில்லை, சட்டை தைத்துப் போடவில்லை. குழந்தைக்குப் பக்கத்தில் பொம்மையாக வைத்தது யார்? என் வாயில் வந்ததையெல்லாம் அடக்கிக்கொண்டு, "முயல் வராது" என்று மட்டும் சொன்னேன். வாசல் கேட்டை அவள் சாத்திய வேகத்தில் எதிர் வீட்டுப் பெரியவர் வெளியே வந்து பார்த்தார்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தையையும் சொன்னேன். தங்கை என்றால் அவருக்கு உயிர். அப்பா இல்லாத வீட்டில் இவர்தான் அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். அவள் கேட்டு அவர் மறுத்த ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. "விழாவுக்குப் போகணும். மாமன் நான் போகலன்னா நல்லா இருக்காது" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர்மேலும் கோபம்தான்.

நூறடி ரோட்டில் ஒரு ஏ.சி. மண்டபம். உள்ளே நுழையும்போதே ஸ்பீக்கர் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. மேடையில் பச்சை பலூனில் மரங்கள் செய்து, துணியில் தைத்த குரங்கும் யானையும் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு கூடை. கூடையில் உயிருள்ள முயல். பழுப்பு நிறம், என் கையளவுகூட இல்லை. கழுத்தில் சாட்டின் ரிப்பன். எங்கள் முயல் கிடைக்காததால் ஸ்டூடியோக்காரரே வாடகைக்குக் கொண்டுவந்தது.

கூடைக்குப் பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். வரிசையில் நின்று பரிசு கொடுக்க வந்தவர்களின் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அதைத் தூக்கி, அழுத்தி, படம் எடுத்துக்கொண்டு மறுபடியும் கூடைக்குள் போட்டார்கள். அது காதை முதுகோடு ஒட்டவைத்து, தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. கண் இமைக்கவில்லை. விலா மட்டும் அடித்துக்கொண்டது.

எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா, "எவ்ளோ சாதுவா இருக்குது பாருங்க, ஒண்ணுமே பண்ண மாட்டேங்குது" என்றாள்.

நான் மேடையில் ஏறினேன். "இத ரூமுக்குள்ள கொண்டு போயி வைங்க, பயத்துல செத்துடும்" என்றேன். போட்டோகிராபர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "மேடம், ஃப்ரேம்ல வராதீங்க, தள்ளி நில்லுங்க" என்றார். நாத்தனார் சிரித்த முகம் மாறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, "இங்கயும் ஆரம்பிச்சிட்டீங்களா அண்ணி?" என்றாள். கேக் வெட்டும் நேரம். மேடையின் இரண்டு பக்கமும் பொறி பறக்கும் மத்தாப்பு சீறிக்கொண்டு எழும்பியது. முயல் ஒரே ஒரு முறை துள்ளியது. பிறகு கூடைக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

யாரோ என்னை விலக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். என் கணவர். மேடை ஏறிப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். கல்யாணத்திலேயே போட்டோவுக்கு நிற்கக் கூச்சப்பட்டவர். நேராகப் போய்க் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

"அண்ணே, என்னா பண்றீங்க? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இது செத்துக்கிட்டு இருக்குது. உனக்குத் தெரியல, எனக்குத் தெரியுது."

"இன்னும் போட்டோவே முடியல! என் புள்ளையோட நாளக் கெடுக்கறீங்களே!"

"உன் புள்ள நல்லா இருக்கணும். அதுக்கு இது வேணாம்." கூடையை என் கையில் கொடுத்துவிட்டு அவளிடம் திரும்பினார். பாட்டை யாரோ நிறுத்தியிருந்தார்கள். "இவளப் பாத்து நீ ஒரு வார்த்த சொன்ன. அத நான் இன்னும் மறக்கல. அதுக்கு நேரம் வரும்போது பேசறேன். இப்ப நேரமில்ல."

நாங்கள் சாப்பிடாமல் வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். ரிப்பனை அவிழ்த்தேன். கழுத்து முடி பிள்ளைகள் கைப்பட்ட சாக்லேட்டில் பிசுபிசுத்திருந்தது. டாக்டரம்மா மேசையில் படுக்க வைத்து, ஆக்ஸிஜன் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். "பயம்மா. இந்த வயசு குட்டிக்கு இதயம் தாங்காது" என்றார். அதைப் போர்த்தியிருந்த துண்டு எங்களுடையது. அதிலேயே சுற்றி லாஸ்பேட்டைப் பெண்ணின் வீட்டுத் தோட்டத்தில் புதைத்தோம்.

அங்கே நிற்கும்போதே ஸ்டூடியோக்காரர் கணவருக்குப் போன் செய்தார். முயலை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டார். செத்துவிட்டது என்று இவர் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பதில் எனக்கும் கேட்டது: "பரவால்ல சார், விடுங்க. எங்ககிட்ட இன்னும் இருக்குது."

இன்னும் இருக்கிறது. அந்த வார்த்தையைக் கேட்டதும் லாஸ்பேட்டைப் பெண் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

மறுநாள் அவளும் நானும் அந்த ஸ்டூடியோவுக்குப் போனோம். சுவர் முழுக்கக் குழந்தைகள். கூடை எல்லாப் படத்திலும் ஒன்றே, முயல்தான் வேறு வேறு. என் நாத்தனார் பெண்ணின் முதல் வருஷப் படமும் இருந்தது. இத்தனை முயலும் இப்போது எங்கே என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார்.

"மேடம், நான் என்னா ஆசப்பட்டா வைக்கிறேன்? கஸ்டமர் கேக்கறாங்க. நீங்க ஒருத்தர் கோவப்பட்டு என்னா ஆவப் போவுது?"

"நாங்க ரெண்டு பேரு வந்திருக்கோம்" என்றாள் லாஸ்பேட்டைப் பெண். "அடுத்து போலீஸோட வருவோம். பிராணிவதைக்கு என்னா சட்டம்னு அங்க வச்சிப் பேசுவோம். எங்க வச்சிருக்கீங்க மிச்சத்த?"

அவர் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டுதான் நின்றார். அவள் போனை எடுத்ததும், பின்பக்கம் படம் எடுக்கத் தொங்கவிடும் திரைகளைச் சுருட்டி வைத்திருந்த அறையைக் காட்டினார். லைட் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு தெர்மகோல் டப்பா. அதில் மூன்று குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒன்றின் வயிற்றில் பச்சை கலர் பூசியிருந்தது, காட்டுக்காக. "எடுத்துட்டுப் போங்க, தொல்ல விட்டுது" என்றார். எல்லாரும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்.

மூன்றில் இரண்டுக்கு அவளே வீடு பார்த்தாள். வழக்கம்போல் கேள்வி கேட்டு, வீட்டுக்குப் போய்ப் பார்த்து, இரண்டு பேரைத் திருப்பி அனுப்பி, மூன்றாவதாக வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தாள். அந்தப் பச்சை வயிற்றுக் குட்டி எங்களிடம் வந்தது. முயலுக்கு முயல்தான் துணை, மனிதர்கள் எவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தாலும் போதாது. ஆனால் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும் என்பதால், நடுவில் வலை கட்டி, பிறகு வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, பொறுமையாகச் சேர்த்தோம். இப்போது இரண்டும் ஒரே தட்டில் புல் தின்கின்றன. பெரியது சின்னதின் முகத்தை நக்கிவிடுகிறது.

என் கணவர் சொன்னபடியே ஒரு நாள் தங்கை வீட்டுக்குத் தனியாகப் போனார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. வீராம்பட்டினம் தேருக்குப் போனபோது கூட்டத்தில் எதிரெதிரே பார்த்துக்கொண்டோம். குழந்தை அப்பா தோளில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து, "அத்த" என்று கையை நீட்டியது. நாத்தனார் வேறு பக்கம் பார்த்தாள். பிறகு அவளே குழந்தையை இறக்கி என் பக்கம் விட்டாள்.

இப்போது வந்துபோகிறாள். மன்னிப்பு என்று ஒன்றும் அவள் கேட்கவில்லை. "அன்னிக்கு எங்கள எவ்ளோ அவமானப்படுத்திட்டீங்க" என்று மட்டும் எப்போதாவது சொல்வாள். அவமானம் நடந்தது அவளுக்குத்தான் என்று இன்றைக்கும் நம்புகிறாள். நான் குழந்தையை மட்டும் முயல் அறைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது உட்காருகிறது. மூன்று வயதுகூட நிறையாத பிள்ளைக்குப் புரிவது பெரியவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

போன வாரம் அந்த ஸ்டூடியோ வழியாக வந்தேன். வாசலில் புதிய ஃப்ளெக்ஸ். கூடையில் கலர் கலராகச் சாயம் பூசிய கோழிக்குஞ்சுகள். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு லாஸ்பேட்டைப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"அங்கயே இருங்க அக்கா, பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றாள்.